கையில் 18 லட்சம், மாதம் 50,000 வேண்டும்: நடக்கிற காரியமா?

பனியன்நகரம் | ஞாயிறு, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இது முதல் பதிவு.

வயது 36. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். கைக்கு வருவது 38,000. மனைவி வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார், மாதம் ஐந்தாயிரம், ஆறாயிரம் வரும். மகளுக்கு 8 வயது. வாடகை வீடு.

போன மாதம் ஊரில் அப்பா வழி நிலத்தை விற்றோம். அண்ணன், தங்கை பங்கு போக எனக்கு 18 லட்சம். சேமிப்புக் கணக்கில் அப்படியே கிடக்கிறது. பணம் வந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. இதற்கு முன் தூங்காமல் இருந்தது கடனுக்காக, இப்போது இதற்காக.

மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் பணத்தை வாங்கி ஷேர் மார்க்கெட்டில் போட்டு மாதம் 3% தருகிறாராம். எட்டு மாதமாக மச்சானுக்குத் தவறாமல் வருகிறது, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை நானே பார்த்தேன். எனக்கு 54,000 வரும், என் சம்பளத்தைவிட அதிகம். இன்னொரு பக்கம் ஆப்ஷன் டிரேடிங் (சந்தை ஏறுமா இறங்குமா என்பதை வைத்து ஒப்பந்தம் வாங்கி விற்பது) வகுப்பு ஒன்று, ஃபீஸ் 25,000, ‘அடுத்தவரிடம் ஏன் கொடுக்கிறீர்கள், நீங்களே செய்யலாம்’ என்கிறார்கள்.

மாதம் 50,000 வந்தால் வேலையை விட்டுவிடலாம் என்று ஆசை. பேராசையா? சொல்ல விட்டுப்போனது: மனைவியின் நகை 2,20,000-க்கு பேங்கில் அடகு இருக்கிறது. கிரெடிட் கார்டில் 64,000, மாதாமாதம் மினிமம் கட்டிவிடுகிறேன்.

புல்ரன்_சேலம் | இரவு 10.52

சகோ, 3%-க்கு அடுத்தவனிடம் ஏன் போக வேண்டும்? ஹெட்ஜ் (நஷ்டத்துக்கு ஒரு தடுப்பு) போட்டு ஆப்ஷன் செல்லிங் செய்தால் நீங்களே எடுக்கலாம். 18 லட்சம் நல்ல கேப்பிட்டல். டெலிகிராம் குரூப் லிங்க் தருகிறேன்: [நீக்கப்பட்டது]

நெறியாளர் | இரவு 11.05

குரூப் லிங்க், ஃபோன் நம்பர் எதுவும் இங்கே வேண்டாம். இரண்டாவது முறை சொல்கிறேன்.

கவுண்டர்_நம்பர்_4 | திங்கள், காலை 6.15

தம்பி, நான் 34 வருடம் பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். ஒரு கணக்கை மட்டும் போடுகிறேன்.

மாதம் 3% என்றால் வருடத்துக்கு 36%. அந்த ஆளுக்கு இந்த வித்தை உண்மையிலேயே தெரியும் என்றால், தன் சொந்தப் பணம் 18 லட்சத்தைப் போட்டுச் சும்மா விட்டாலே பத்து வருடத்தில் 3 கோடியே 90 லட்சம் ஆகும். இருபது வருடத்தில் 84 கோடி. அப்படிப்பட்டவர் எதற்காக உங்கள் மச்சானிடம் வந்து நிற்கிறார்?

அடுத்தது, அனுமதி. உங்களுக்காக ஷேரில் முதலீடு செய்து தர ஒருவர் பணம் வாங்கினால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியில் போர்ட்ஃபோலியோ மேனேஜராகப் பதிவு செய்திருக்க வேண்டும். அங்கே ஒருவரிடம் குறைந்தபட்சம் 50 லட்சம் வாங்க வேண்டும் என்பது விதி. இவ்வளவு தருவேன் என்று உறுதி சொல்லவும் கூடாது. ‘ஷேர் இல்லை, டெபாசிட்தான்’ என்று மாற்றிச் சொன்னால், பதிவில்லாமல் ஊராரிடம் டெபாசிட் திரட்டுவதே குற்றம் என்று 2019-ல் மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்.

கேளுங்கள், என்ன பேப்பர் தருகிறார் என்று. பிராமிசரி நோட்டு என்பார். இல்லையென்றால் தேதி போடாத செக்.

பனியன்நகரம் | காலை 8.30

சார், 100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, கூடவே செக் தருகிறார் என்று மச்சான் சொன்னார். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி இருக்கிறது.

ஆனால் எட்டு மாதமாகப் பணம் வருகிறதே? அதைத்தான் என்னால் ஒதுக்க முடியவில்லை.

பட்டது_போதும் | காலை 9.10

அந்த ‘வருகிறதே’ பற்றி நான் சொல்கிறேன். எங்களுக்குப் பெருந்துறைப் பக்கம். 2011-ல் அப்பா ஈமு கோழிக்குப் பணம் கட்டினார். குஞ்சு அவர்களே கொடுத்தார்கள், கொட்டகை அவர்களே போட்டார்கள், தீவனமும் அவர்களுடையது. நாங்கள் செய்ய வேண்டியது தண்ணீர் வைப்பது மட்டும். மாதம் பிறந்தால் பணம் வந்தது. ஒரு மாதம் கூடத் தவறவில்லை.

ஏழாவது மாதம் அப்பா, பெரியப்பாவையும் சேர்த்துவிட்டார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பணம் வருகிறதே, அண்ணனுக்கும் வரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். பெரியப்பா தோட்டத்து மோட்டார் மாற்ற வைத்திருந்த பணத்தை எடுத்துப் போட்டார்.

2012 ஆகஸ்ட்டில் ஆபீஸ் பூட்டு. ஆள் இல்லை. ஆள் உயரத்துக்கு வளர்ந்த ஆறு பறவை எங்கள் கொட்டகையில். தீவனம் நின்று போனதும் இரும்பு வலையைக் கொத்திக்கொண்டே இருக்கும், ராத்திரி முழுக்க அந்தச் சத்தம். விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. முட்டைக்கோ கறிக்கோ சந்தை என்று ஒன்று இருந்ததே இல்லை, புதிதாகச் சேர்ந்தவர்களின் பணம்தான் பழையவர்களுக்கு வந்துகொண்டிருந்தது.

கோயம்புத்தூரில் டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டத்துக்கென்று தனி கோர்ட் இருக்கிறது, 1997 சட்டம். அப்பா அந்தப் படியை ஏறி இறங்கியதில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. பெரியப்பா வீட்டோடு இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

உங்கள் மச்சானுக்கு வருகிற பணம் வட்டி இல்லை. அது உங்களைக் கூட்டி வருவதற்கான விளம்பரச் செலவு.

டீச்சர்_மதுரை | காலை 10.02

ஐயோ, அந்த ஈமு விளம்பரம் எனக்கும் நினைவிருக்கிறது. டிவியைப் போட்டால் அதுதான்.

புல்ரன்_சேலம் | காலை 11.20

சீட்டிங் கம்பெனியையும் டிரேடிங்கையும் ஒன்றாகப் பேசாதீர்கள். டிரேடிங் சட்டப்படியான தொழில். பயந்தவனுக்கு மார்க்கெட்டில் இடமில்லை.

முன்னாள்_டிரேடர் | மதியம் 1.15

சட்டப்படியான தொழில்தான், சந்தேகமே இல்லை. அதே சட்டப்படியான செபிதான் 2024 செப்டம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் டிரேடிங்) இறங்கிய தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றில் ஒருவர். இதில் என்னை உறுத்தியது வேறொன்று: நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் விடாமல் தொடர்ந்திருக்கிறார்கள். நானும் அந்த முக்கால்வாசியில் ஒருவன்.

நான் செய்ததும் செல்லிங்தான். 8 லட்சம் போட்டேன். பதினோரு மாதத்தில் 2,60,000 சம்பாதித்தேன். வீட்டில் ஏசி மாட்டினேன், ஆபீஸில் இரண்டு பேருக்குப் பாடம் எடுத்தேன். பதினோரு மாதமும் நான் மேதை.

2024 ஜூன் 3, திங்கள். எக்ஸிட் போல் பார்த்து நிஃப்டி குறியீடு 3%-க்கு மேல் ஏறியது. 22,500 புட் (நிஃப்டி அதற்குக் கீழே போனால் விற்றவன் ஈடுகட்ட வேண்டிய ஒப்பந்தம்) 12 லாட், மொத்தம் 300 யூனிட், 140 ரூபாய்க்கு விற்றேன். சந்தை அங்கே வரை இறங்கவே இறங்காது என்று நினைத்தேன். மறுநாள் ஓட்டு எண்ணிக்கை. நிஃப்டி கிட்டத்தட்ட 6% கீழே முடிந்தது, நடுவில் இன்னும் கீழே போனது. 140-க்கு விற்றதை 1,120-க்கு வாங்கி வெளியே வந்தேன். நஷ்டம் 2,94,000. பதினோரு மாத உழைப்பு ஒரு முற்பகலில் போனது, மேலே 34,000 கைக்காசு.

புல்ரன்_சேலம் | மதியம் 1.31

ஸ்டாப்லாஸ் போடலையா?

முன்னாள்_டிரேடர் | மதியம் 1.40

போட்டிருந்தேன், விலை 300 ஆனால் வாங்கி வெளியே வருவது போல. லிமிட் ஆர்டர், குறித்த விலைக்குள் கிடைத்தால்தான் நடக்கும். விலை 300-ஐத் தாண்டிக் குதித்துப் போய்விட்டது, ஆர்டர் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. வகுப்பில் இதைச் சொல்லித் தந்தார்கள், நான்தான் பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

கவுண்டர்_நம்பர்_4 | மதியம் 2.05

சேலத்துத் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. வரி, புரோக்கரேஜ் எல்லாம் போக மூன்று வருட லாப நஷ்டக் கணக்கை இங்கே போடு. எஃப் அண்ட் ஓ வியாபார வருமானம், வருமான வரிக்கு ஐடிஆர்-3 படிவம் போட்டிருப்பாய், அதிலேயே இருக்கும்.

புல்ரன்_சேலம் | மதியம் 2.20

நான் நாலு மாசமாத்தான் பண்றேன் சார்.

பனியன்நகரம் | இரவு 9.50

லஞ்ச் டைமில் படித்தேன், சாப்பாடு இறங்கவில்லை. சரி, 3%-ம் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். அப்படியானால் நியாயமாக எவ்வளவு எதிர்பார்க்கலாம்? வீடியோக்களில் ‘மியூச்சுவல் ஃபண்டில் 15%, மாதம் 10,000 போட்டால் கோடீஸ்வரர்’ என்கிறார்களே, அதுவாவது உண்மையா?

எக்செல்_மாமி | செவ்வாய், காலை 5.40

பால் காய்வதற்குள் பதில் போட்டுவிடுகிறேன்.

கோடி என்பது பொய் இல்லை, அரை உண்மை. மாதம் 10,000 எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் போடுவது), 12% வளர்ச்சி, 20 வருடம். எக்செல்லில் போட்டால் 99.9 லட்சம் வருகிறது. நாம் போட்டது 24 லட்சம். அழகாகத்தான் இருக்கிறது. இப்போது விலைவாசி வருடம் 6% ஏறுகிறது என்று வைத்துப் பக்கத்தில் ஒரு கட்டம் சேருங்கள். 20 வருடம் கழித்து அந்தக் கோடியில் வாங்கக்கூடியது இன்றைக்கு 31 லட்சத்தில் வாங்கக்கூடியது. 12% வராமல் 10% வந்தால் கோடியே வராது, 76 லட்சம்தான்.

இன்னொன்று. 12%-ல் ஏஜெண்ட் கமிஷனுக்கென்று 1% போய் 11% ஆனால் 87 லட்சம். அந்த ஒரு சதவீதத்தின் விலை பன்னிரண்டரை லட்சம். 2013 ஜனவரியிலிருந்து எல்லா ஃபண்டிலும் ஏஜெண்ட் இல்லாமல் வாங்குகிற டைரக்ட் பிளான் இருக்கிறது, ‘ரெகுலர்’ என்று போட்டிருந்தால் கமிஷன் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் நல்ல ஏஜெண்ட், சந்தை விழும்போது உங்கள் கையைப் பிடித்து விற்காமல் தடுப்பவராக இருந்தால், அந்த 1% தண்டம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டது. நான் இருந்தேன்.

கவுண்டர்_நம்பர்_4 | காலை 7.00

மாமி சொன்ன ‘விற்காமல் தடுப்பது’ என்ற இடத்தில்தான் என் கதை இருக்கிறது.

2008 ஜனவரி. சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டிருந்தது. கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கே டிப்ஸ் கொடுக்கிற அளவுக்கு ஊரே மார்க்கெட். பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்ததில் 4 லட்சத்தை ஃபண்டில் போட்டேன். அக்டோபர் கடைசியில் சென்செக்ஸ் 8,500. பொறுத்தேன். 2009 மார்ச்சில் 8,200-க்குப் பக்கம். அதே மாதம் சம்பந்தம் பேசி முடித்தார்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ், நகைக்கு ஆர்டர். விற்றேன். ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் வந்தது. மே 18-ம் தேதி, தேர்தல் முடிவு வந்த கையோடு, ஒரே நாளில் 2,100 புள்ளி ஏறி வர்த்தகத்தையே நிறுத்தினார்கள். நான் அன்றைக்கு மண்டபத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யோசித்தால், 2008 ஜனவரியில் போட்டதுகூடப் பெரிய தப்பில்லை. பதினான்கு மாதத்தில் தேவைப்படுகிற பணத்தைப் போட்டதுதான் தப்பு. மார்க்கெட் என்னிடம் தேதி கேட்கவில்லை, நான்தான் தேதி வைத்துக்கொண்டு போனேன்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கேட்டாயே தம்பி, சென்செக்ஸையே எடுத்துக்கொள். 2008 ஜனவரி உச்சத்தில் போட்டுத் தொடாமல் விட்டவருக்கு 2025 மார்ச் முடிவில், சென்செக்ஸ் 77,400-ல் இருந்தபோது, வருடத்துக்கு 8%-க்குக் கீழேதான் வந்திருக்கும், டிவிடெண்ட் தனி. ஏறக்குறைய எஃப்டி வட்டிதான். 2009 மார்ச் அடிமட்டத்தில் போட்டவருக்கு வருடம் 15%. அதே சந்தை, போட்ட தேதியில் பதினான்கு மாத வித்தியாசம். அடிமட்டம் எது என்று அன்றைக்கு எவனுக்கும் தெரியாது. அதனால் கணக்குப் போடும்போது 10% என்று போடு. அதற்கு மேல் வந்தால் தீபாவளி.

டீச்சர்_மதுரை | காலை 8.15

தங்கத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. எனக்கு என் அம்மா சொன்னது பவுன் மட்டும்தான், அது என்னை ஏமாற்றவே இல்லை.

எக்செல்_மாமி | காலை 8.40

இப்போது ஏறியிருக்கிறது டீச்சர், மறுக்கவில்லை. ஆனால் 2012-ல் பத்து கிராம் 31,000-க்குப் பக்கம் வாங்கியவர் 2018-லும் அதே 31,000-ஐத்தான் பார்த்தார். ஆறு வருடம். நகையாக வாங்கியிருந்தால் செய்கூலி, சேதாரம் வேறு கழியும். மொத்தத்தில் பத்து, பதினைந்து சதவீதம் இருக்கட்டும் என்பேன்.

டீச்சர்_மதுரை | காலை 8.44

நகையைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். ஃபண்டைப் போட்டுக்கொள்ள முடியுமா?

எக்செல்_மாமி | காலை 8.45

அதற்குப் பதில் இல்லை 😄

முன்னாள்_டிரேடர் | மதியம் 12.50

எல்லோரும் முதலீடு பேசுகிறீர்கள், தம்பியின் கார்டை யாரும் தொடவில்லை.

64,000 பாக்கி. மாதம் 3.5% வட்டி என்றால் 2,240. அதற்கு 18% ஜிஎஸ்டி சேர்த்து 2,643. மினிமம் 5%, அதாவது 3,200 கட்டுகிறார். அசலில் குறைவது 557 ரூபாய். வருடக் கணக்கில் 42% வட்டி. மச்சானின் ஆள் தருவதாகச் சொல்கிற 36%-ஐவிட இது அதிகம், இதற்கு மட்டும் ரிஸ்க்கே கிடையாது. கார்டை அடைத்தால் 42% லாபம் உறுதி. இந்த இழையிலேயே உறுதியான லாபம் இது ஒன்றுதான்.

பட்டது_போதும் | மதியம் 1.30

இன்னொரு கேள்வி. விற்றது தோட்டமா, சைட்டா? கிராமத்து விவசாய நிலம் என்றால் வரி இல்லை. ஊர் நகராட்சிக்குப் பக்கத்தில் இருந்தால் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6, 8 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், உள்ளே வந்தால் மூலதன ஆதாய வரி உண்டு. ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். 18 லட்சமும் உங்களுடையதா என்பதே அதற்கப்புறம்தான் தெரியும்.

கவுண்டர்_நம்பர்_4 | மாலை 4.10

நல்ல கேள்வி. நானே கேட்டிருக்க வேண்டும்.

தம்பி, சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் உங்களுக்கு இஎஸ்ஐ மருத்துவ வசதி கிடையாது. கம்பெனி தனியாக மெடிக்கல் பாலிசி எடுத்திருக்கிறதா? இல்லையென்றால் அதுதான் முதலில். கூடவே ஒரு டெர்ம் பாலிசி, உயிர் போனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வருவது. ‘பணம் திரும்பி வருமா’ என்று கேட்காமல் எடுக்க வேண்டிய பாலிசி அது.

வேலையை விடும் யோசனைக்கு ஒரு வார்த்தை. போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் கணவன் மனைவி சேர்ந்து 15 லட்சம் வரை போடலாம். 7.4% வட்டிக்கு மாதம் 9,250 வரும். அரசாங்கம் பொறுப்பு. 15 லட்சத்தின் நேர்மையான மாதச் சம்பளம் அதுதான். உங்கள் 38,000-ஐ இந்த வட்டியில் எடுக்க 60 லட்சத்துக்கு மேல் வேண்டும், அதுவும் விலைவாசி ஏறாது என்று வைத்துக்கொண்டால். உங்களிடம் இருக்கிற பெரிய சொத்து நிலத்துப் பணம் இல்லை, இன்னும் 22 வருடம் வரப்போகிற அந்தச் சம்பளம்.

பனியன்நகரம் | இரவு 10.15

9,250 என்று பார்த்ததும் முதலில் சப்பென்று ஆகிவிட்டது. மனைவியிடம் காட்டினேன். ‘வாடகை வந்துவிடுகிறதே’ என்றார். நான் அப்படி யோசிக்கவில்லை.

மச்சானிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பட்டது_போதும் | இரவு 10.30

‘பணத்தை மகள் பேரில் போட்டுவிட்டேன், எடுக்க முடியாது’ என்று சொல்லுங்கள். செல்வமகள் கணக்கு ஒன்று உண்மையிலேயே தொடங்கிவிடுங்கள், பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், 8.2% வட்டி. பொய்யும் ஆகாது.

நீங்கள் போட்டதைத் திருப்பிக் கேளுங்கள் என்று மச்சானிடமும் சொல்லிப் பாருங்கள். கேட்க மாட்டார். எங்கள் அப்பாவும் கேட்கவில்லை.

பனியன்நகரம் | ஐந்து மாதம் கழித்து, சனிக்கிழமை மாலை 6.20

இழையை மேலே தூக்குவதற்கு மன்னிக்கவும். என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள்.

ஆடிட்டர் பார்த்தார், வரி இல்லை. கார்டை அடைத்து, வெட்டிப் போட்டேன். மெடிக்கல் பாலிசி, டெர்ம் பாலிசி எடுத்தாயிற்று. இரண்டரை லட்சம் எஃப்டியில், வேலை போனால் ஆறு மாதத்துக்கு. மகளுக்குச் செல்வமகள். போஸ்ட் ஆபீஸில் 9 லட்சம், அதிலிருந்து வருகிற 5,550 அப்படியே ஒரு இண்டெக்ஸ் ஃபண்டுக்கு (சந்தைக் குறியீடு போகிறபடியே போகிற ஃபண்ட்) எஸ்ஐபியாகப் போகிறது. போட்ட இரண்டாம் மாதமே மைனஸ் காட்டியது, ஆப்பை மொபைலிலிருந்து எடுத்துவிட்டேன். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம் என்று வைத்திருக்கிறேன்.

எல்லாம் நீங்கள் சொன்னபடி செய்யவில்லை. மச்சானுக்கு 50,000 கொடுத்தேன். அவருடைய ஆளுக்கு மூன்று மாதமாக ஃபோன் போகவில்லை, மச்சான் போட்டது 6 லட்சம். குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று வந்து நின்றார். திரும்பி வரும் என்று எழுதிவைக்கவில்லை.

நகை மீட்கப் போன அன்று மனைவியும் வந்தார். பேங்கில் சீல் வைத்த கவரை எங்கள் முன்னாலேயே பிரித்தார்கள். அப்ரைசர் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடையைச் சொல்ல, மனைவி சீட்டில் சரிபார்த்தார். இரண்டு வளையல், ஒரு ஆரம், குழந்தையின் கொலுசு. கொலுசைக் குழந்தையின் காலுக்குப் போட்டுப் பார்த்தோம், ஏறவில்லை. மூன்று வருடம் உள்ளே இருந்திருக்கிறது.

டீச்சர்_மதுரை | மாலை 6.48

அது வெள்ளிக் கொலுசு இல்லையே? பேங்கில் வெள்ளி வாங்கியிருக்க மாட்டார்களே.

பனியன்நகரம் | மாலை 6.55

தங்கம்தான் டீச்சர். மாமனார் போட்டது, முக்கால் பவுன். தங்கத்தைக் காலில் போடக்கூடாது என்று எங்கள் அம்மா அப்போதே திட்டினார்.

டீச்சர்_மதுரை | மாலை 7.01

அழிக்காதீர்கள். அப்படியே வைத்திருங்கள்.